மானுக்கு வெட்டிய குட்டை

1

இதைச் சிரிப்புக் கதையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை ஏமாற்றுக்காரன் என்று யாரும் சொல்லக் கூடாது.

காரைக்குடியில் பழைய சாமான் கடை ஒன்றில் பித்தளைப் பூட்டு வாங்கினேன். கடைக்காரர் அதைச் சுற்றிக் கொடுத்த காகிதம் ஒரு கடிதம். 1928இல் ரங்கூனிலிருந்து கண்டனூருக்குப் போனது. எழுதியவர் ஒரு செட்டியார். ஊரில் தன் காரியங்களைப் பார்க்கிறவருக்கு உத்தரவு போடுகிறார். கல்லலுக்குப் பக்கத்தில் குத்தகைக்கு எடுத்திருக்கும் கரட்டை மூன்று வருஷத்துக்குள் மான் வேட்டைக்குத் தகுந்த காடாக ஆக்க வேண்டும் என்று. கரடு என்றால் மலை என்று நினைத்துவிடாதீர்கள். முள்ளும் பாறையுமாக நிற்கிற சின்னக் குன்று, அவ்வளவுதான். கடிதத்தின் நடுவில் இப்படி வருகிறது:

“ஆடு மாடு கரட்டில் ஏறப்படாது. விறகு ஒடிக்கப்படாது. மானுக்கு மேய்ச்சல், மறைவு, தண்ணீர், உப்பு நான்கும் வேண்டும். மான் துரைமாரைப் போல. வசதியில்லாத இடத்தில் ஒரு நாளும் தங்காது. யோக்கியமான ஆள் ஒருவனைக் காவலுக்கு வை.”

கடைசி இரண்டு வரியைப் படித்துவிட்டு பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். மானுக்கு மாப்பிள்ளை உபசாரம் செய்கிற ஒரு காவல்காரன். கடைசியில் துரை வருகிற அன்று மான் ஒன்றுகூட வராது. இதுதான் நான் போட்ட திட்டம். எட்டுப் பக்கம், நல்ல பத்திரிகை, தீபாவளி மலர்.

2

முதல் தொடக்கம்: “ஒரு மான் ஒரு நாளைக்கு எத்தனை இலந்தைப்பழம் தின்னும் என்பதைத் தெரிந்துகொள்ள மலையாண்டி மரத்தடியில் உட்கார்ந்து

[விட்டுவிட்டேன். மலையாண்டி, காவல்காரனுக்கு நான் வைத்த பெயர். அவனை அசடாக்கி நான் கெட்டிக்காரனாகத் தெரிகிற வாக்கியம் இது.]

இரண்டாம் தொடக்கம்: “தண்டாயுதபாணி செட்டியாருக்கு ரங்கூனில் ஒரு துரையின் தயவு வேண்டியிருந்தது. துரைக்கு

[உண்மைதான். செட்டியாருக்கு நான் வைத்த பெயர் தண்டாயுதபாணி. பாங்கி துரை ஒருவரை ஊருக்கு அழைத்து வேட்டையாட வைப்பதுதான் அவர் எண்ணம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கதை அவருடையது இல்லை.]

மூன்றாம் தொடக்கத்தை எழுதியபோது சிரிப்பு போய்விட்டது. அது இதுதான்: “அந்த வேலை மலையாண்டிக்குப் பிடித்துப்போயிற்று.”

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

அந்த வேலை மலையாண்டிக்குப் பிடித்துப்போயிற்று. அவனுக்கு நாற்பது வயது. கரட்டின் அடியில் இருக்கிற கரட்டுப்பட்டிக்காரன். மனைவி காளியாயி, ஒரே மகள் கருப்பி. வானம் பார்த்த பூமி இரண்டு துண்டு. வரகு போடுவான், பாதி வருஷம் வரகு அவனைக் கைவிட்டுவிடும். அவன் செய்த எந்த வேலையும் அதுவரை அடுத்த மழைவரை நின்றதில்லை. கரட்டில் செய்தது நின்றது.

சூரைமுள் புதரைப் பட்டை பட்டையாக வெட்டினான். முழுக்க வெட்டவில்லை, மானுக்கு மேயத் திறந்த இடமும் வேண்டும், பயந்தால் பாய்ந்து ஒளியப் புதரும் வேண்டும். மாசியில் காய்ந்த புல்லைத் துண்டு துண்டாகக் கொளுத்தினான். ஒரு துண்டில் குருத்து முற்றுகிறபோது அடுத்த துண்டில் இளங்குருத்து இருக்கும். வெட்டிய முள்ளை ஓடையின் குறுக்கே போட்டு அதன்மேல் கல் அடுக்கினான். மழை மண்ணை அடித்துக்கொண்டு போகாமல் இருந்தால்தானே புல் நிற்கும்? இப்படிப் பதினோரு தடுப்பு. சரிவின் நடுவில் குட்டை வெட்டிக் கரை போட்டான். பாறைக் குழிகளில் உப்புக் கல் வைத்தான்.

(அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: நான் மானைக் கம்பிக்கு அந்தப்புறம்தான் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் ஓய்வு பெற்ற வனக்காவலர் ஒருவர். “யாரு சார் அந்த மலையாண்டி? நல்ல வேலைக்காரன்” என்று அவர் கேட்டபோது கற்பனை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.)

ஊருக்குத்தான் சங்கடம். ஆட்டை வேறு பக்கம் ஓட்ட வேண்டியிருந்தது. விறகுக்கு நடக்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கரட்டிலிருந்து இறங்குகிற மழைத்தண்ணீர்தான் கரட்டுப்பட்டியின் குடிநீர் ஊருணிக்கு வரத்து. செட்டியாரின் தகப்பனார் செம்புறாங்கல்லால் நாலு பக்கமும் படி கட்டிக்கொடுத்த ஊருணி அது. அதில் யாரும் கால் நனைக்க மாட்டார்கள். ஒவ்வொரு ஆவணியிலும் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு கரட்டில் ஏறி, அந்தத் தண்ணீர் இறங்கி வருகிற வரத்துக்காலை மேலிருந்து கீழ்வரை சுத்தம் செய்துகொண்டே இறங்குவார்கள். கால் எடுப்பு என்று பெயர். ஆள் ஏறக் கூடாது என்று உத்தரவு வந்ததும் அது நின்றது. மூன்று வருஷம்தானே, தாங்காதா என்று ஊரிடம் கேட்டவன் மலையாண்டி. அவன் சொன்னால் ஊர் கேட்கும்.

கரட்டில் இருந்த ஏழு மான், வெளியிலிருந்தும் வந்து சேர்ந்து, நாற்பத்து மூன்றாயிற்று. சாயங்காலம் பாறைமேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணுவான். 1930இல் ஊருக்கு வந்த செட்டியார் கரட்டை ஏறிப் பார்த்துவிட்டு அவன் தோளில் கையைப் போட்டார். அந்த ஊரில் அவர் கை பட்ட தோள் அது ஒன்றுதான்.

4

அந்த வருஷம் ஐப்பசியில் பெய்த மழையைச் சொல்ல வேண்டும்.

மலையாண்டி சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு கடைசித் தடுப்பின் பக்கத்தில் நின்றான். முன்னெல்லாம் அந்த மழைக்கு வரத்துக்கால் சிவப்பாக இரைந்துகொண்டு ஓடும். இரைச்சல் ஊருக்குள் கேட்கும். இப்போது விரல் கனத்துக்குத் தண்ணீர் கசிந்தது. அதுவும் தெளிந்த தண்ணீர். மேலே பெய்ததையெல்லாம் புல்லும் முள்ளும் கல்லும் பிடித்து, மண் குடித்துவிட்டது. மிச்சம் குட்டைக்குப் போயிற்று.

முதலில் அவனுக்குப் பெருமையாக இருந்தது. ஒரு பிடி மண்கூடப் போகவில்லையே என்று. பிறகு திரும்பி, கீழே மரங்களுக்கு நடுவில் தெரிந்த ஊருணியைப் பார்த்தான்.

[இந்த இடத்தில் மூன்று நாள் நான் எழுதவில்லை. பொட்டல் கரடு தண்ணீரைக் கீழே தள்ளும், பசுமையான கரடு தானே வைத்துக்கொள்ளும் என்பது எனக்கே ஒரு பொறியாளர் நண்பர் சொல்லித்தான் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவன் அதை ஒரே மழையில் கண்டுகொள்வானா? பிறகுதான் உறைத்தது. தெரியாமல் இருந்தவன் நான். பதினோரு தடுப்பையும் தன் கையால் அடுக்கியவனுக்கு எப்படித் தெரியாமல் போகும்?]

ஆக, அவனுக்குத் தெரிந்துவிட்டது. காட்டை நன்றாக ஆக்கியதுதான் ஊருணியைக் கெடுத்தது. வேலையில் பிசகு இல்லை. அவன் அதை அத்தனை கண்ணும் கருத்துமாகச் செய்திருந்தான்.

அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் மறுநாளே ஊர் ஏறி வந்து அத்தனை தடுப்பையும் பிடுங்கும். மான்கள் ஒரே வாரத்தில் போய்விடும். இன்னும் ஆறு மாதத்தில் துரை வந்துபோனால் பிறகு எதையும் சரி செய்துகொள்ளலாம் என்று நினைத்தான். இந்த வருஷம் மழை குறைவு என்று ஊர் சொன்னபோது அவனும் ஆமாம் என்றான்.

அவனை எனக்குப் பிடித்திருந்தது. அந்த ஆமாம் எழுதும்வரை.

5

தையில் ஊருணி மூன்றாம் படிக்குக் கீழே போயிற்று. மாசியில் அடிமண் தெரிந்தது. பங்குனியில் பெண்கள் நடுவில் குழி பறித்து, ஊறுகிற கலங்கலைச் சிரட்டையால் மொண்டார்கள். நல்ல தண்ணீருக்குக் கண்டரமாணிக்கம் பக்கம் நடக்க வேண்டும். போகவர அரை நாள், ஒரு குடம்.

கரட்டுக் குட்டையில் முழங்கால் அளவு தண்ணீர் இருந்தது. ஊருக்கும் அது தெரியும்.

பங்குனி இருபத்தைந்தாம் தேதி பெண்கள் குடங்களோடு கரட்டடிக்கு வந்தார்கள். முன்னால் வந்தவள் அம்மாக்கண்ணு, மலையாண்டியின் செத்துப்போன அண்ணனின் மனைவி. ஊரில் பிரசவம் பார்க்கிற கை அவளுடையது ஒன்றுதான். வீட்டுக்கு ஒரு குடம் மட்டும், உச்சிவேளையில் வந்து எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விடுகிறோம் என்று கேட்டாள். அவன் குறுக்கே நின்றான். சித்திரை ஐந்தாம் தேதி துரை வருகிறார். அதற்குள் மனுஷ வாடை குட்டையில் ஏறினால் மான் தண்ணீருக்கு இறங்காது, மூன்று வருஷமும் வீண் என்று எடுத்துச் சொன்னான்.

“பத்து நாளு பொறுங்க மதினி. தொர வந்துட்டுப் போயிட்டா பூராத் தண்ணியும் ஊருக்குத்தான்.”

அவன் பொய் சொல்லவில்லை. செட்டியாரிடம் கேட்டு வாக்கு வாங்கியிருந்தான். பெண்கள் திரும்பிப் போனார்கள்.

அந்தப் பத்து நாளில் கலங்கல் தண்ணீரைக் குடித்து ஊரில் வாந்திபேதி கண்டது. ஏழு பேர் செத்தார்கள். ஐந்தாவது ஆள் சின்னக்கருப்பன், இருபத்திரண்டு வயது. அம்மாக்கண்ணுக்கு அவன் ஒரே மகன்.

6

இதை நான் இரண்டு பிரதிகளில் எழுதாமல் விட்டிருந்தேன். மலையாண்டிமேல் உங்களுக்கு இரக்கம் குறைந்துவிடும் என்ற பயம்தான் காரணம். ஆனால் இதைச் சொல்லாமல் மேலே போனால் நானும் அந்த ஆமாம் சொன்னவன் ஆவேன்.

கருப்பி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். நிறைமாதம். மலையாண்டி தினமும் கரட்டிலிருந்து இறங்கும்போது புல்லுக்கட்டுக்குள் ஒரு சின்னக் குடத்தில் குட்டைத் தண்ணீரை மறைத்துக் கொண்டுவந்தான். அவன் வாடைதான் மானுக்குப் பழகினதாயிற்றே. காளியாயி அதைக் காய்ச்சி மகளுக்குக் கொடுத்தாள். சின்னக்கருப்பனைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் அந்தக் குடம் வந்தது.

[ஊர் பார்த்திருக்குமா? வாசலில் ஒரு துளி ஈரம் போதும். அந்தப் பங்குனியில் யாரும் எதையும் பார்க்காமல் விடவில்லை.]

7

சித்திரை நான்காம் தேதி மத்தியானம் கருப்பிக்கு வலி கண்டது. அதே மத்தியானம், போன வருஷம்தான் வரத் தொடங்கியிருந்த ரயிலில் செட்டியாரும் துரையும் கல்லலில் வந்து இறங்கினார்கள். கரட்டின் மறுபக்கம் கூடாரம் போட்டிருந்தது. விடியலில் குட்டையைப் பார்த்த பரணில் உட்காருவதாக ஏற்பாடு.

சாயங்காலம்வரை காளியாயி தனியாகப் பார்த்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இது தன் கைக்கு வராது என்று புரிந்ததும் புருஷனை அனுப்பினாள். மூன்றாவது வீடு. அம்மாக்கண்ணு நிலைப்படிக்கு உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

“மதினி, புள்ளைக்கு வலி கண்டுருச்சு. குறுக்க கெடக்குதாம். வாங்க.”

“சுடுதண்ணி வேணுமே. இருக்கா ஒன் வீட்ல?”

அவன் தோள்துண்டை எடுத்துக் கையில் பிடித்தான்.

“இருக்கும். ஒன் வீட்ல மட்டும் இருக்கும்.” அவள் குரலை உயர்த்தவில்லை. “போயி அந்தக் கரைய வெட்டி விட்டுட்டு வா தம்பி. பெறகு வாரேன்.”

அப்போதுதான், ஆறு மாதம் கழித்து, அவன் வாயைத் திறந்தான். பதினோரு தடுப்பையும் சொன்னான். கரையை வெட்டினால் தண்ணீர் ஊருணிக்கு வராது, இரண்டு தடுப்புத் தாண்டுவதற்குள் காய்ந்த மண் குடித்துவிடும் என்றான். நாளைக்கு ஒரு காலை மட்டும் போகட்டும், ஊர் ஒரு மாதம் குடிக்கிற தண்ணீர் அங்கே கிடக்கிறது என்றான். கையெடுத்துக் கும்பிட்டான்.

அம்மாக்கண்ணு எல்லாவற்றையும் கேட்டாள்.

“ஊருணிக்கு வர வேணாம். ஊருக்காகக் கேக்கல நானு. எம்மகன் குடிக்காத தண்ணிய மான் குடிக்கப்படாது. அம்புட்டுத்தான்.”

[இதற்குப் பிறகு “என்று சொல்லிவிட்டு விம்மினாள்” என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். விம்மினால் நமக்குச் சௌகரியம், வேறொன்றும் இல்லை. அவள் விம்மவில்லை.]

பக்கத்து ஊருக்கு ஓடி வேறு மருத்துவச்சியைக் கூட்டி வரலாமே என்று என் மனைவி கேட்டாள். ஓடினான். வாந்திபேதி கண்ட ஊருக்கு எவளும் வரமாட்டேன் என்றுவிட்டாள். அதற்குள் கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிட்டது.

8

இப்போது மலையாண்டி மண்வெட்டியோடு குட்டைக் கரையில் நிற்கிறான். எதிர்ச்சரிவில் பரண். அதில் செட்டியாரும் துரையும் உட்கார்ந்திருக்கிறார்கள். கரை ஓரத்துப் புதர் அவனை அவர்களிடமிருந்து மறைக்கிறது. மேலே சூரைமுள் பட்டைக்குள் மான்கள் இறங்கத் தயாராக நிற்கின்றன. தவழ்ந்து வருகிற காற்று அவன் வாடையைத்தான் அவற்றிடம் கொண்டுபோகிறது. அவை பயப்படவில்லை.

முடிவு ஒன்று. வெட்டுகிறான். கரை வாய் பிளந்து தண்ணீர் பாய்கிறது. முதல் தடுப்பைத் தாண்டுகிறது, இரண்டாவதில் தேங்குகிறது, மூன்றாவதில் வெறும் ஈரம். கரட்டுப்பட்டி ஒரு மாதம் குடிக்க வேண்டிய தண்ணீர் அவன் வளர்த்த புல்லுக்குள் போய்விடுகிறது. அம்மாக்கண்ணு எழுந்து வருகிறாள். கருப்பி பிழைக்கலாம். அடுத்த கலங்கல் குழியில் எத்தனை பேர் என்று யாரும் எண்ண

[முடிக்கவில்லை. எண்ணத் தெரியாமல் இல்லை.]

முடிவு இரண்டு. வெட்டவில்லை. வெயில் ஏறுவதற்குள் ஒன்பது மான் விழுகிறது. துரைக்குச் சந்தோஷம். செட்டியார் சொன்ன சொல் தவறாதவர். உச்சிவேளைக்கு ஊர்ப் பெண்கள் குடத்தோடு கரட்டில் ஏறுகிறார்கள். வாந்திபேதி நிற்கிறது. இது நியாயமான முடிவு. ஊர் பிழைக்கிறது, ஒரு வீடு தவிர. இதை நான் முழுசாக எழுதி, படித்துப் பார்த்து, கிழித்தேன். கருப்பிக்குப் பத்தொன்பது வயது என்று அதுவரை உங்களிடம் சொல்லவேயில்லை என்பது அப்போதுதான் கவனத்துக்கு வந்தது.

முடிவு மூன்று எனக்குப் பிடித்தது. குட்டையில் காலை விட்டுச் சேற்றைப் பூசிக்கொண்டு இறங்கிப் போய், “வெட்டிட்டேன் மதினி” என்கிறான். அவள் வருகிறாள். தண்ணீரும் மிச்சம், பிள்ளையும் மிச்சம். ரொம்ப நாள் இதில் சந்தோஷமாக இருந்தேன். பிறகு ஒரு நாள் குளிக்கும்போது, கரட்டிலிருந்து துப்பாக்கிச் சத்தம் ஊருக்குள் கேட்குமே என்று தோன்றியது. சத்தம் கேட்டால் மான் தண்ணீருக்கு வந்தது என்று அர்த்தம். மான் வந்தால் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். அம்மாக்கண்ணு அதைக் கேட்கிறபோது அவள் கை எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என்னால் யோசிக்க முடியவில்லை.

9

ஒன்பது மாதமாக மலையாண்டியை அந்தக் கரையிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். மண்வெட்டியை ஓங்க வைப்பேன், இறக்க வைப்பேன். பத்திரிகைக்காரர் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார். துணிச்சலான கேள்வியை எழுப்பிவிட்டோம், வாசகனே பதில் சொல்லட்டும் என்று முடித்துவிடலாம் என்றுகூட இருந்தேன். நீங்களும் ஒப்புக்கொண்டிருப்பீர்கள்.

ஆனால் நான் ஏன் கரட்டைவிட்டு இறங்கவே இல்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அங்கே காற்று நன்றாக இருந்தது. மான்கள் இருந்தன. ஆண்பிள்ளை ஒருவன் தர்மசங்கடத்தில் நிற்பதை எழுதுவது எனக்குக் கை பழகின வேலை. கீழே மூன்று வீடு தள்ளி நடப்பதை எழுதுவது பழகவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

இறங்குகிறேன்.

கருப்பி பாயில் கிடக்கிறாள். உத்தரத்தில் கட்டிய கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். நேற்று மத்தியானத்திலிருந்து பிடித்ததில் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. காளியாயி அவள் முதுகைத் தாங்கிக்கொண்டு, அந்தா வந்துருவாக, அந்தா வந்துருவாக என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். யாரைச் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. பக்கத்தில் தண்ணீர் நிறையக் கொதிக்கிறது. அந்த ஊரில் அன்றைக்குத் தண்ணீர் கொதிக்கிற அடுப்பு அது ஒன்றுதான்.

கருப்பி கத்துகிறாள். மூன்று வீடு தூரம் என்பது ஒன்றும் தூரமில்லை.

அம்மாக்கண்ணு நிலைப்படிக்கு உள்ளேதான் இருக்கிறாள். அவளும் தூங்கவில்லை. அவள் இருக்கிற இடத்திலிருந்து கரடு தெரியாது. கரை உடைந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. அவளுக்குக் கேட்பது இந்தச் சத்தம் மட்டும்தான். முப்பது வருஷமாக எந்தச் சத்தத்துக்கு எவ்வளவு நேரம் பாக்கி என்று தெரிந்த காது அது. கருப்பி பிறந்தபோது முதலில் தொட்டதும் இவள் கைதான். இவ்வளவு பக்கம் எழுதியும் அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முடிவை மண்வெட்டி வைத்திருப்பவனிடமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது கேட்கலாம் என்று போனால், அவள் என்னைப் பார்க்கவில்லை. கயிற்றுக் கொடியில் சின்னக்கருப்பனின் வேட்டி இன்னும் தொங்குகிறது. அவள் எழுந்து நிற்கிறாள். மறுபடி உட்காருகிறாள். எழுந்து

[இதை நீங்கள் எழுதலாம். நான் தடுக்கமாட்டேன். எழுதுவதற்கு முன் அவள் வீட்டுக்குள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு எழுதுங்கள், அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.]

கருப்பியின் சத்தம் கேட்கிறது. சத்தம் கேட்கிற வரைக்கும் அவள் உயிரோடு இருக்கிறாள். நான் அடுத்த வரியை எழுதினால் அந்தச் சத்தம் நிற்கும், எப்படியானாலும் நிற்கும். அதனால் எழுதவில்லை.